வேண்டிய பகுதியை மட்டும் வாசித்தல்: டி.என்.ஏ. தொடரொழுங்கைத் துணிவதற்கு முன் செய்யும் தெரிவு



பாரம்பரியம் என்ற அலகில் மெண்டலின் பட்டாணிச் செடி தொடக்கம் குருதி உறையாமை, நிறக்குருடு, தலசீமியா வரை கற்றிருப்பீர்கள். பெற்றோர் இருவரும் தலசீமியாவின் காவிகளாயின் ஒவ்வொரு பிள்ளையும் நோயுடன் பிறப்பதற்கான நிகழ்தகவு நான்கில் ஒன்று எனச் சதுரம் வரைந்து காட்டவும் உங்களால் முடியும். ஆயினும் வகுப்பில் ஒரு வினா பெரும்பாலும் எழுவதில்லை. அத்தந்தை காவி என்பதை யார், எவ்வாறு கண்டறிந்தார்? வினாத்தாளில் "காவியான தந்தை" என்று அச்சிட்டே தந்துவிடுகிறார்கள். ஆய்வுகூடத்தில் அதனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடும் முறை பொருத்தமற்றதாயின், காவியான ஒருவருக்கு "காவி அல்லர்" என்ற அறிக்கை கையளிக்கப்படலாம். அவ்வறிக்கையை நம்பி இன்னொரு காவியை மணந்தால் நீங்கள் வரைந்த அந்தச் சதுரம் ஒரு குடும்பத்தின் கதையாகிவிடும்.

இவ்விடயம் இதே பெயரில் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. எனினும் "தரப்பட்ட சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமான முறையைத் தெரிவு செய்து காரணம் தருக" என்னும் வகை வினாக்களுக்கு இது நல்ல பயிற்சியாகும். உயர்தரத்தில் உயிரியல் கற்க எண்ணுவோர் சற்று ஊன்றி வாசிக்கவும்.

நூலகமும் அரைப் பக்கமும்

மனிதக் கலமொன்றின் ஒரு தொகுதி நிறமூர்த்தங்களில், அதாவது 23 நிறமூர்த்தங்களில், ஏறத்தாழ 300 கோடி மூலச் சோடிகள் உள்ளன. அடினின், தைமின், குவானின், சைற்றோசின் ஆகிய நான்கு "எழுத்துக்களால்" எழுதப்பட்ட நீண்ட நூல் என இதனைக் கருதலாம். நான் கலைப் பட்டதாரி. எண்களைவிடப் புத்தகங்களே எனக்கு நெருக்கமானவை. எனவே இந்த எண்ணைப் புத்தகமாக்கிப் பார்ப்போம். பக்கத்துக்கு 3,000 எழுத்துக்கள் எனக் கொண்டால் 10 இலட்சம் பக்கங்கள் வரும். 500 பக்க நூல்களாகக் கட்டினால் 2,000 நூல்கள். ஒரு சிறிய ஊர் நூலகம் நிறைந்துவிடும்.

ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியை ஆக்கும் பரம்பரை அலகு 11 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 1,600 எழுத்துக்கள், அதாவது அந்த நூலகம் முழுவதிலும் அரைப் பக்கத்துக்குச் சற்றுக் கூட. பீற்றா தலசீமியாவுக்குக் காரணமான விகாரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அரைப் பக்கத்திலோ அதன் ஓரத்திலோதான் இருக்கின்றன. தனி ஓர் எழுத்து மாறினாலே போதும். உதாரணமாக, 26 ஆம் குறியீட்டில் ஜீஏஜீ என்பது ஏஏஜீ ஆக மாறினால் குளுற்றாமிக் அமிலத்தின் இடத்தில் லைசின் வந்து அமரும். இதுவே ஈமோகுளோபின் ஈ எனப்படுவது. இலங்கையிலும் காணப்படும் மாற்றம் இது.

முழு நூலகத்தையும் வாசித்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாதான். 1990 இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003 இல் நிறைவு பெற்றது. அப்போது விடுபட்டிருந்த இடைவெளிகளும் நிரப்பப்பட்ட முழுத் தொடரொழுங்கு 2022 இல் வெளியாயிற்று. இன்று ஒருவரின் முழு ஜீனோமையும் சில நாட்களில் வாசிக்க முடியும். ஆனால் வாசிக்கும் கருவி வழு விடும். ஆகவே ஒரே இடத்தைப் பல தடவை வாசித்தே முடிவுக்கு வர வேண்டும். ஓரிடம் எத்தனை தடவை வாசிக்கப்பட்டது என்பதை வாசிப்பின் ஆழம் என்போம். முழு ஜீனோமை 30 தடவை வாசிப்பதற்கு 300 கோடி × 30 = 9,000 கோடி எழுத்துக்கள் தேவை. பீற்றா அலகை மட்டும் 1,000 தடவை வாசிப்பதற்கு 1,600 × 1,000 = 16 இலட்சம் எழுத்துக்கள் போதும். முன்னையதைப் பின்னையதால் வகுத்துப் பாருங்கள். 56,250 வரும். ஒருவரின் முழு ஜீனோமுக்குச் செலவாகும் வாசிப்பில் 56,250 பேரின் பீற்றா அலகை, அதுவும் 1,000 தடவை வீதம், வாசித்துவிடலாம். இது தாளில் வரும் கணக்கு. நடைமுறையில் வாசிப்பின் ஒரு பகுதி வீணாகும். அப்படியிருந்தும் வேறுபாடு மிகப் பெரிது.

எனவே வாசிப்பதற்கு முன்னரே வேண்டிய பகுதியை ஏனையவற்றிலிருந்து பிரித்து, அதன் பங்கை மாதிரியில் உயர்த்த வேண்டும். இதுவே இலக்குப் பகுதியைச் செறிவாக்கல் எனப்படும். இதற்குப் பிரதானமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது வழி: பிரதி எடுத்தல்

வேண்டிய பக்கத்தை மட்டும் போட்டோப் பிரதி எடுத்துக் குவிப்பது போன்றது இது. பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம், சுருக்கமாகப் பி.சி.ஆர். எனப்படும். 1983 இல் கெரி முல்லிஸ் இதனை உருவாக்கினார். 1993 இல் அதற்காக இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வேண்டிய பகுதியின் இரு முனைகளுக்கும் நிரப்பாக, ஏறத்தாழ 20 எழுத்து நீளமான இரு சிறு டி.என்.ஏ. துண்டுகள் செயற்கையாக ஆக்கப்படும். இவை பிரைமர்கள். மாதிரியை ஏறத்தாழ 95 பாகை செல்சியசுக்கு வெப்பமேற்றும்போது ஐதரசன் பிணைப்புகள் உடைந்து இரு இழைகளும் பிரியும். 50 தொடக்கம் 65 பாகை வரையான வெப்பநிலைக்குக் குளிர்த்தும்போது பிரைமர்கள் தத்தமக்குரிய இடங்களில் ஒட்டும். 72 பாகையில் நொதியம் புதிய இழையைக் கட்டும். இந்த வெப்பத்திலும் அந்நொதியம் அழிவதில்லை. அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்காவிலுள்ள வெந்நீரூற்றிலே கண்டுபிடிக்கப்பட்ட பற்றீரியா இனத்தின் நொதியம் அது என்பதே காரணம்.

ஒவ்வொரு வட்டத்திலும் பிரதிகள் இரட்டிக்கும். ஒரு மூலக்கூறு 10 வட்டங்களில் 1,024 ஆகும். 20 வட்டங்களில் 1,048,576. 30 வட்டங்களில் 107 கோடியைத் தாண்டும். கணித பாடத்தில் பெருக்கல் விருத்தி கற்றவர்கள் பொது விகிதம் 2 என்பதை இங்கே இனங்காண்பீர்கள்.

மிகச் சிறிதளவு டி.என்.ஏ. போதும், வேலை ஒரு நாளுக்குள் முடியும், செலவும் குறைவு. இவை இம்முறையின் நன்மைகள். அதன் பலவீனம் முழுவதும் அந்தப் பிரைமர் ஒட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

இரண்டாவது வழி: பிடித்து எடுத்தல்

கடற்கரை மணலில் காந்தத்தை உருட்டிக் கருந்துகள்களை ஒட்டவைத்து விளையாடியிருப்பீர்கள். புல்மோட்டை மணலிலிருந்து இல்மனைற்றைப் பிரிப்பதிலும் காந்தம் பயன்படுகிறது. இரண்டாவது வழியிலும் காந்தந்தான் வேலை செய்கிறது.

முதலில் டி.என்.ஏ. முழுவதும் சில நூறு எழுத்து நீளமான துண்டுகளாக உடைக்கப்படும். வேண்டிய பகுதிக்கு நிரப்பான தேடுதுண்டுகள், வழக்கமாக 120 எழுத்தளவு நீளமானவை, முன்னரே ஆக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் பயோற்றின் என்ற விற்றமின் இணைக்கப்பட்டிருக்கும். இழைகளைப் பிரித்துத் தேடுதுண்டுகளுடன் பல மணித்தியாலங்கள் வைத்திருந்தால் அவை தம் சோடியைத் தேடி இணையும். பின்னர் ஸ்ரெப்ரவிடின் என்ற புரதம் பூசிய நுண்ணிய காந்த மணிகள் சேர்க்கப்படும். இப்புரதம் பயோற்றினை மிக இறுக்கமாகப் பற்றும். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் மணி, பயோற்றின், தேடுதுண்டு, அதனுடன் இணைந்த இலக்குத் துண்டு எல்லாம் சுவரில் ஒட்டி நிற்கும். ஏனையவற்றைக் கழுவி ஊற்றிவிடலாம்.

கவனிக்க: பிடித்தெடுத்தவற்றின் அளவு மிகக் குறைவாகையால் அதன் பின்னரும் சில வட்டங்கள் பி.சி.ஆர். செய்வது வழக்கம். எனவே "இரண்டாவது முறையில் பி.சி.ஆர். இல்லை" என எழுதுவது தவறாகும். இலக்கைத் தெரிவு செய்யும் வேலையை எது செய்கிறது என்பதே வேறுபாடு.

தேடுதுண்டு நீளமானது. 120 எழுத்துக்களில் ஒன்றிரண்டு பொருந்தாவிட்டாலும் அது ஒட்டும். பிரைமரோ குறுகியது. அதன் கட்டும் முனையில் ஓர் எழுத்துப் பொருந்தாவிட்டாலும் வேலை நின்றுவிடலாம். இந்த ஒரு வேறுபாட்டை மனத்திலிருத்திக்கொண்டு மேலே செல்லுங்கள்.

எதைத் தேடுகிறோம்?

தெரிவு என்றவுடன் மாணவர்கள் பலரும் செலவிலிருந்து தொடங்குவார்கள். பரீட்சை விடைத்தாள்களிலும் "செலவு குறைவு" என்பதே முதல் வரியாக இருக்கும். என் கருத்து வேறு. முதலில் கேட்க வேண்டியது, எந்த வகையான மாற்றத்தைத் தேடுகிறோம் என்பதே. மாற்றத்தைக் காணவியலாத முறை மலிவாயிருந்து பயனென்ன?

பீற்றா தலசீமியாவையே எடுப்போம். தெற்காசியாவில், சிறப்பாகச் சிந்தி, குஜராத்தி வழியினரிடையே நன்கு அறியப்பட்ட ஒரு விகாரத்தில், பீற்றா அலகின் பின்பகுதியிலிருந்து 619 எழுத்துக்கள் அப்படியே நீங்கிவிடுகின்றன. இதன் காவியான ஒருவரிடம் இரு பிரதிகள் உள்ளன. ஒன்று முழுமையானது, மற்றையதில் பின்பகுதி இல்லை. இப்போது பி.சி.ஆர். செய்கிறோம் என வைத்துக்கொள்வோம். ஒரு பிரைமர் நீங்கிப்போன அப்பகுதிக்குள் ஒட்ட வேண்டியதாக அமைந்துவிட்டது. என்ன நடக்கும்? குறைபாடுள்ள பிரதியில் ஒட்டுவதற்கு இடமில்லை, ஆகவே அது பெருகாது. முழுமையான பிரதி மட்டும் 107 கோடியாகப் பெருகும். கருவி அதனை 1,000 தடவை வாசித்து, ஒரு வழுவுமில்லை, வழமையானது என அறிக்கை தரும். 1,000 தடவை வாசித்ததும் உண்மை, வாசித்தவை யாவும் சரியானவை என்பதும் உண்மை. ஆனால் அவர் காவி.

இங்கு ஆழத்தைக் கூட்டுவதால் பயனில்லை. குழாய்க்குள் வராத பிரதியைப் பத்தாயிரம் தடவை வாசித்தாலும் காண முடியாது.

இதே பிரைமர்களை நீக்கப் பகுதிக்கு வெளியே இருபுறமும் வைத்திருந்தால்? முழுமையான பிரதியிலிருந்து ஒரு நீளத் துண்டும், மற்றையதிலிருந்து 619 எழுத்துக் குறுகிய துண்டும் வரும். ஜெல்லில் ஓடவிட்டால் இரண்டு பட்டிகள் தெரியும். ஆகவே பி.சி.ஆர். கூடாது என்பதல்ல இதன் பொருள். நீக்கம் இன்ன இடத்தில்தான் என முன்னரே தெரிந்திருந்தால் பி.சி.ஆர். மிக நன்று. எங்கே எனத் தெரியாதபோதுதான் இடர்ப்பாடு.

பிடித்து எடுத்தலில் நிலை வேறு. துண்டுகள் தாறுமாறாக உடைக்கப்பட்டவை. நீங்காத பகுதியில் இரு பிரதிகளிலிருந்தும் துண்டுகள் வரும். நீங்கிய பகுதியில் ஒரு பிரதியிலிருந்து மட்டுமே வரும். எனவே அவ்விடத்தில் ஆழம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும். நீக்கத்தின் இரு ஓரங்களும் ஒட்டிய துண்டுகளும் அகப்படலாம். அல்பா தலசீமியாவுக்கு இது மேலும் முக்கியமானது. ஏனெனில் அதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்து மாற்றமல்ல, நீக்கமேயாகும். 16 ஆம் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 3,700 எழுத்துக்கள் நீங்கும் வகை தெற்காசியாவில் பரவலாகக் காணப்படுகிறது. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இரு அல்பா அலகுகளும் இரட்டையர் போல ஒன்றையொன்று ஒத்தவை. ஒரு துண்டு எந்த அலகிலிருந்து வந்தது எனச் சொல்வது கடினம். பிடித்து எடுத்தாலும் இச்சிக்கல் முற்றாக நீங்காது.

நீக்கமே இல்லாவிட்டாலும் பிரைமர் ஒட்டும் இடத்தில் தனி ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்தப் பிரதி விடுபட்டுப் போகலாம். தாயிடமிருந்து வந்த பிரதி விடுபட்டு, தந்தையிடமிருந்து வந்தது மட்டும் வாசிக்கப்பட்டால் பல்லினநுகம் ஓரினநுகமாகத் தோன்றும். உங்கள் சதுரத்தில் ஓர் எழுத்தை அழித்து எழுதியது போலாகும்.

ஒன்றையும் சேர்த்துக் கூற வேண்டும். தலசீமியாக் காவியைக் கண்டறிய முதலில் செய்வது தொடரொழுங்கு துணிதல் அல்ல. குருதிப் பரிசோதனையில் செங்குழியங்களின் பருமன் சிறிதாயுள்ளதா எனப் பார்ப்பர். பின்னர் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தளப்பர். டி.என்.ஏ. சோதனை அவற்றின் பின்னர் வருவது. முதற்சோதனைகளும் டி.என்.ஏ. சோதனையும் முரண்படும்போதுதான் முறையைச் சந்தேகிக்க வேண்டிய இடம் வெளிப்படும்.

வைரசிலிருந்து ஓர் உதாரணம்

கொவிட்-19 வைரசின் ஜீனோம் 2020 ஜனவரியில் வெளியிடப்பட்டது. அது ஏறத்தாழ 29,900 எழுத்துக்களையே கொண்டது, நம் நூலகக் கணக்கில் பத்துப் பக்கம். இது ஆர்.என்.ஏ. வைரசு. அதனால் முதலில் டி.என்.ஏ. பிரதியாக மாற்றப்படும். நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரசு மிகக் குறைவாகவும் மனிதனுக்குரியவை மிகக் கூடுதலாகவும் இருக்கும். மாதிரிகளோ ஆயிரக்கணக்கில். எனவே பி.சி.ஆர். முறையே பெரும்பாலான ஆய்வுகூடங்களில் தெரிவு செய்யப்பட்டது. ஆர்ட்டிக் என்ற ஆய்வாளர் வலையமைப்பின் பிரைமர் தொகுதி உலகெங்கும் பயன்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு வைரசை ஏறத்தாழ 400 எழுத்து நீளமான 98 துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று சற்றே மேற்படியும் வகையில், பெருக்கியது. அடுத்தடுத்த துண்டுகளின் பிரைமர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேண்டாத குறுந்துண்டை ஆக்காதிருக்க, ஒற்றை எண் துண்டுகள் ஒரு குழாயிலும் இரட்டை எண் துண்டுகள் இன்னொரு குழாயிலும் பெருக்கப்பட்டன. இலங்கையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இவ்வைரசின் தொடரொழுங்குகள் துணியப்பட்டு வந்தன.

2021 இல் டெல்ரா வகை பரவியது. அதன் ஸ்பைக் புரதத்துக்குரிய பகுதியில் ஏற்பட்ட ஒரு மாற்றம், சரியாக 72 ஆம் துண்டின் பிரைமர் ஒட்டும் இடத்தில் விழுந்தது. அத்துண்டு பல மாதிரிகளில் பெருகவில்லை. அவ்விடத்துத் தரவு இல்லாமையால் அம்மாற்றமே உண்மையில் இருந்ததைவிட அரிதானது போலத் தோன்றியது. அதே ஆண்டில் நான்காம் பதிப்புப் பிரைமர்கள் வந்தன. மாறிக்கொண்டேயிருக்கும் ஒன்றை நிலையான பிரைமரால் பிடிக்க முயல்வதில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. இருந்தும் அன்றைய சூழ்நிலையில் விரைவும் மலிவும் தேவைப்பட்டன. தெரிவு தவறானது என்று நான் சொல்லமாட்டேன். அதன் குறையை அறிந்து கண்காணித்தார்கள் என்பதே சிறப்பு.

இலக்கின் அளவும் மாதிரியின் நிலையும்

இலக்கு ஓரிரு அலகுகளாயின் பி.சி.ஆர். எளிது. 20,000 வரையான அலகுகளின் எக்சோன்கள் எல்லாம் வேண்டுமெனின்? எக்சோன்கள் முழு ஜீனோமில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே. ஆனாலும் அவற்றுக்கு இலட்சக்கணக்கான பிரைமர்கள் வேண்டும். ஒரு குழாயில் பிரைமர்கள் பெருகப் பெருக அவை ஒன்றுடனொன்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் பெருகும். எனவே பெரிய இலக்குக்குப் பிடித்து எடுத்தலே பெரிதும் பயன்படுகிறது. மில்லர் நோய்க்குறி என்ற அரிய நோயின் காரணம் 2010 இல் இவ்வாறே அறியப்பட்டது. மூன்று குடும்பங்களைச் சேர்ந்த நான்கு நோயாளிகளின் எக்சோன்களை மட்டும் வாசித்து, காரணமான அலகைக் கண்டுபிடித்தார்கள்.

மாதிரியின் நிலை பற்றிச் சுருக்கமாக: டி.என்.ஏ. மிகக் குறைவாயின் பி.சி.ஆருக்கு வாய்ப்பு அதிகம். சிதைந்து துண்டு துண்டாகிப்போன மாதிரியில், பிரைமர்கள் இரண்டும் ஒரே துண்டில் ஒட்ட வேண்டுமாகையால், நீளமான பகுதியைப் பெருக்க முடியாது. ஸ்பெயினின் எல் சிட்ரோன் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மனிதனின் எலும்பில் இருந்த டி.என்.ஏ.யில் 99.8 சதவீதம் நுண்ணங்கிகளுடையது. அதிலிருந்து 2010 இல் ஆய்வாளர்கள் பிடித்து எடுத்தல் மூலமே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களை மீட்டார்கள்.

ஹன்ரிங்ரன் நோயில் சீஏஜீ என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அதைப் போன்ற நீண்ட திரும்பல்களுக்கு மேற்கூறிய இரு முறைகளும் அவ்வளவு பொருத்தமல்ல. நீளமாக வாசிக்கும் கருவிகள் அங்கு உதவும். நுண்துளை வழியே வாசிக்கும் கருவியொன்று, தொடக்கத்தைச் சற்றுப் படித்துப் பார்த்து, வேண்டாத இழையை மின்னழுத்தத்தை மாற்றி வெளியே தள்ளிவிடும். இரசாயனப் பொருள் எதுவுமின்றிச் செய்யும் தெரிவு அது.

மாதிரி வினா

ஆய்வுகூடமொன்றுக்கு வந்துள்ள மூன்று வேலைகள் கீழே தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான முறையைக் கூறி, காரணம் தருக.

(அ) குடும்பமொன்றில் ஏற்கனவே அறியப்பட்ட தனி எழுத்து விகாரம் உறவினர் 12 பேரிடம் உண்டா எனப் பார்த்தல்.

(ஆ) காரணம் அறியப்படாத அரிய நோயுள்ள பிள்ளையினதும் பெற்றோரினதும் மாதிரிகளை ஆராய்தல்.

(இ) ஒருவரின் செங்குழியங்கள் சிறியவை. இரும்புச்சத்துக் குறைபாடு இல்லை. ஈமோகுளோபின் ஏ2 உயர்ந்துள்ளது. ஆனால் பீற்றா அலகின் பி.சி.ஆர். சார்ந்த தொடரொழுங்கு வழமையானது என அறிக்கை வந்துள்ளது.

விடை எழுதும் முறை

(அ) பி.சி.ஆர். இலக்கு மிகச் சிறியது, இடமும் மாற்றமும் முன்னரே தெரிந்தவை. "செலவு குறைவு" என்பதை இவற்றின் பின் எழுதுக. நோயுள்ள உறவினரின் மாதிரியையும் கூடவே சோதித்து, பிரைமர்கள் விகாரமுள்ள பிரதியைப் பெருக்குகின்றன என உறுதிப்படுத்த வேண்டும் எனச் சேர்த்தால் விடை நிறைவாகும்.

(ஆ) எக்சோன்கள் அனைத்தையும் பிடித்து எடுத்தல். எந்த அலகு எனத் தெரியாது, ஆகவே இலக்கு பெரிது. பெற்றோரையும் வாசிப்பதால் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய விகாரத்தையும், இருவரிடமிருந்தும் வந்த பின்னிடைவான விகாரங்களையும் வேறாக்கலாம். எக்சோன்களுக்கு வெளியேயுள்ள காரணம் இதில் அகப்படாது என்பதையும் குறிப்பிடுக.

(இ) மாணவர்கள் பெரும்பாலும் "அவர் காவி அல்லர்" என எழுதிப் புள்ளிகளை இழக்கும் பகுதி இது. குருதிச் சோதனைகள் காவி என்பதைச் சுட்டுகின்றன, டி.என்.ஏ. அறிக்கை மறுக்கிறது. நீக்கத்தால் அல்லது பிரைமர் இடத்து மாற்றத்தால் ஒரு பிரதி பெருகாமற் போயிருக்கலாம். அறியப்பட்ட நீக்கங்களுக்கு இருபுறமும் அமைந்த பிரைமர்களால் மீண்டும் சோதித்தல் வேண்டும், அல்லது பிடித்து எடுத்து ஆழத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அதுவரை அவரைக் காவியாகவே கருதி, துணைவரையும் சோதிக்குமாறு கூறுதல் வேண்டும்.